பட்டத்துக்குப் பிந்திய பதினெட்டு மாதங்கள்

பிரித்தானிய அரசு 2025 மே மாதம் வெளியிட்ட குடிவரவு பற்றிய வெள்ளை அறிக்கையில் இருந்த ஒரு வரி, பதுளை மாவட்டத் தோட்டங்களில் சில குடும்பங்கள் போட்டு வைத்திருந்த கணக்கைக் கலைத்துவிட்டது. பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்வதற்கு வழங்கப்பட்டு வந்த இரண்டு ஆண்டு அனுமதி பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்படும் என்பதே அந்த வரி. அது பின்னர் விதியாகவும் ஆகிவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதங்கள்தான். கலாநிதிப் பட்டம் பெறுவோருக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் நீடிக்கும்.

ஆறு மாதம்தானே குறைந்திருக்கிறது, இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வீடு வாங்கி நிலைபெற்றுவிட்ட தமிழ்க் குடும்பத்துக்கு இது சிறிய செய்திதான். பசறையிலோ மடுல்சீமையிலோ இருக்கும் ஒரு தாய்க்கு அப்படியல்ல. பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவதற்கென்று அவர் எண்ணியிருந்த இருபத்து நான்கு மாதச் சம்பளத்தில் ஆறு மாதச் சம்பளம் போய்விட்டது. கடனோ அதன் வட்டியோ அதற்கேற்பக் குறையவில்லை.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாட்களில் மலையகத்துச் செய்தி என்றால் குடியுரிமை, சம்பளம், லயம் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். வீசா என்ற சொல் வந்தால் அது மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களைப் பற்றியதாக இருக்கும். இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அழைக்கும் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்களின் பிள்ளைகள், நகரில் சிறுகடை வைத்திருப்போரின் பிள்ளைகள், கொழும்பில் ஓர் அண்ணனோ மாமாவோ உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். எனினும் கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளப் பணமும் நகையும் இந்தப் பயணங்களுக்குள் கலந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

இந்தக் குடும்பங்கள் உண்மையில் எதை விலை கொடுத்து வாங்குகின்றன என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பட்டத்தை வாங்குகிறார்கள் என்று சொல்வது பாதி உண்மை. பட்டம் முடிந்தபின் சட்டப்படி வேலை செய்து உழைக்கக் கிடைக்கும் அந்தச் சிறிய காலத்தையும் சேர்த்தே அவர்கள் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவரும் அந்தக் காலத்தை நம்பியே கொடுத்திருக்கிறார். ஆனால் முகவர் காட்டும் காகிதம் அனுமதிக் கடிதம் மட்டுமே. பட்டத்துக்குப் பின் என்ன நடக்கும் என்பது அதில் எழுதப்பட்டிருப்பதில்லை.

தொகையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஜேர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் அது ஏழைகளுக்கு ஏற்ற நாடு என்று சொல்லப்படுகிறது. ஆனால் மாணவர் வீசாவுக்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் முன்கூட்டியே வைத்துக் காட்ட வேண்டும். 2024இல் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஒரு யூரோவை 350 ரூபா என்று கொண்டால் 41 இலட்சத்து 66 ஆயிரம் ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை அரசின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அந்த 1,750 ரூபாவைக் கொண்டே கணக்கிட்டாலும் 2,380 நாள் வேலை. மாதம் 25 நாள் பெயர் விழுகிறது என்றால் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அதுவும் அந்த எட்டு ஆண்டும் ஒரு பிடி அரிசிகூட வாங்காமல் இருந்தால்தான்.

ஆகவே பணம் கடனாகத்தான் வரும். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டு உறுதியை வைத்து வங்கி வட்டிக்குப் பெறும் பணத்தை, தோட்டத்துக் குடும்பம் தனியாரிடம் அதைவிடப் பன்மடங்கு வட்டிக்குப் பெறுகிறது. ஒரே விமானத்தில் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போகும் இரு பிள்ளைகளில் ஒருவர் மீதுள்ள பாரம் மற்றவர் மீதுள்ளதைவிடக் கனமானது என்பதற்குக் காரணம் இதுவே. 2022இல் ரூபா சரிந்தபோது ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. அப்போது படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கடனும் தங்குரிமையும் ஒரே காகிதத்தில் பிணைக்கப்படுவது மலையகத்துக்குப் புதிதல்ல. கங்காணி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வருவதற்கான செலவும் முற்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் அங்கே பெயர் பதியலாம். கடன் கழிவதற்குப் பதிலாகத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு சேர்ந்து பயணம் செய்தது. 1921இல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போனபின்னும் லயம் இருந்தது. தோட்டத்தில் வேலை இருந்தால் காம்பரா உண்டு, வேலை போனால் காம்பராவும் போகும் என்பது நம் பாட்டன் பாட்டி காலத்து விதி. வேலை கொடுப்பவரே இருப்பிடத்தையும் கொடுப்பவர் என்றால் சம்பளம் பற்றி வாய் திறக்க முடியாது. பிறகு 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததற்குச் சான்று கேட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் காகிதம் கேட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இழுபட்டது. வதிவிட அனுமதி என்றால் என்ன, அது கையில் இல்லாவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதை நான்கு தலைமுறையாகப் படித்த சமூகம் நம்முடையது.

இந்தப் பழைய பாடத்தோடு இன்றைய வீசா விதிகளை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மாணவர் வீசாவில் இருக்கும்வரை தங்குரிமை பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. கட்டணம் கட்டாவிட்டாலும் வகுப்புக்கு வராவிட்டாலும் அது அரசுக்கு அறிவிக்கும். படிப்பு முடிந்து திறன்சார் தொழிலாளர் வீசாவுக்கு மாறினால் தங்குரிமை முதலாளியின் கைக்குப் போகிறது. பிரித்தானியாவில் அந்த வேலை போய்விட்டால் பொதுவாக 60 நாட்களுக்குள் இன்னொரு அனுசரணையாளரைத் தேட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் வருவதுதான் பட்டதாரி வீசா. அதற்கு அனுசரணையாளர் தேவையில்லை. பிடிக்காத வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாம். ஜேர்மனியும் பட்டதாரிகளுக்கு வேலை தேடப் பதினெட்டு மாதங்கள் தருகிறது. அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். இந்தப் பயணம் முழுவதிலும் பிள்ளை எவருடைய லயத்திலும் குடியிராத காலம் இது ஒன்றுதான். அதில் ஆறு மாதத்தை வெட்டுவது சம்பளத்தை மட்டுமல்ல, பேரம் பேசும் வலுவையும் வெட்டுவதாகும்.

வெட்டியது மட்டும் குறையல்ல. யாருக்கு வெட்டியது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2024 செப்டெம்பரில் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த மாணவியை எடுத்துக் கொள்வோம். சேர்ந்த நாளில் இரண்டு ஆண்டு என்று சொன்னார்கள். அவர் படித்து முடிப்பது 2027 கோடையில். விதி விண்ணப்பிக்கும் நாளைத்தான் பார்க்கிறது, சேர்ந்த நாளை அல்ல. எனவே அவருக்குக் கிடைப்பது பதினெட்டு மாதங்கள். விலை பேசி முற்பணம் வாங்கியபின் கடைக்காரர் எடையைக் குறைத்தால் அதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு.

பிரித்தானியா இப்படிச் செய்வது முதல் தடவையும் அல்ல. 2008இல் திறக்கப்பட்ட படிப்புக்குப் பிந்திய தொழில் வீசாவை 2012 ஏப்ரலில் மூடியது. 2019இல் மீண்டும் தருவோம் என்று அறிவித்து 2021 ஜூலையில் திறந்தது. இப்போது சுருக்குகிறது. அவுஸ்திரேலியா 2024 ஜூலையில் தற்காலிகப் பட்டதாரி வீசாவுக்கான வயதெல்லையைப் பெரும்பாலானவர்களுக்கு 50இலிருந்து 35 ஆக்கியது. ஏற்கெனவே வகுப்பில் அமர்ந்திருந்த நடுவயது மாணவர்களும் அதில் அகப்பட்டனர். கனடா 2024 நவம்பர் 1 முதல் கல்லூரிப் படிப்புகள் பலவற்றுக்கு, குறிப்பிட்ட துறைகளில் படித்தவர்களுக்கே பட்டத்துக்குப் பிந்திய வேலை அனுமதி என்று விதித்தது. ஆனால் அந்த நாளுக்கு முன்னரே மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை என்று விலக்களித்தது. மொழித் தேர்வு மட்டும் அவர்களுக்கும் உண்டு. ஆக, வாக்கைக் காப்பாற்ற முடியாது என்பதல்ல. மனம் இருந்தால் முடியும் என்பதற்குக் கனடா ஓரளவுக்கேனும் சான்று.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லையைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பதை நான் ஏற்கிறேன். புதிதாக வருவோருக்கு எத்தகைய விதியும் வைக்கட்டும். வந்து சேர்ந்து, உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டி, பாதி வழியில் நிற்பவருக்கு விதியை மாற்றுவது நியாயமல்ல. சேர்ந்த நாளின் விதியே முடிக்கும் நாளின் விதியாக இருக்க வேண்டும் என்ற ஒரு கோரிக்கையை, அந்த நாடுகளில் வாக்குரிமை பெற்றுவிட்ட தமிழர் அமைப்புகள் உரக்கக் கேட்கலாம்.

இடையில் விழுந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஓர் இலங்கைப் பெண்ணின் பெயரே உலகம் அறிந்த சாட்சியாக இருக்கிறது. விஷ்மா சந்தமாலி 2017இல் மாணவியாக யப்பானுக்குப் போனார். ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். படிப்பு நின்று வீசாத் தகுதியை இழந்தார். 2020 ஓகஸ்டில் உடனிருந்தவரின் வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தேடிப் பொலிசாரிடம் போனபோது, அனுமதியின்றித் தங்கியவர் என்று தடுத்து வைக்கப்பட்டார். உடல்நலம் குன்றி 2021 மார்ச் 6ஆம் திகதி நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் இறந்தார். வயது 33. அவர் தோட்டத்தவரோ தமிழரோ அல்லர். வீசாவின் இடைவெளி இனம் பார்த்து விழுங்குவதில்லை.

இங்கே இரு தரப்பினர் என்னை மறுப்பார்கள். படிப்பு என்ற பெயரில் வேலைக்குத்தானே போகிறார்கள், பிறகு முறைப்பாடு எதற்கு என்பார் ஒருவர். படிப்பதும் பிழைப்பதும் வேறு வேறு என்று கருதும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பட்டத்துக்குப் பின் வேலை செய்யலாம் என்று விளம்பரம் செய்து மாணவர்களை அழைத்தது அந்த நாடுகள்தான். அழைப்பை நம்பி வந்தவரைப் பாசாங்குக்காரர் என்பது பொருந்தாது. இன்னொருவர், இலவசக் கல்வியில் படித்த பிள்ளை மலையகத்துக்கு அல்லவா திரும்ப வேண்டும், ஊவாவில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ் ஆசிரியர் இல்லையே என்பார். ஆசிரியர் இல்லை என்பது உண்மை. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை இன்றும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. எனினும், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்களை மண் மூடியதையும் 2025 நவம்பரில் தித்வா புயல் பதுளை மலைச்சரிவுகளைச் சரித்ததையும் கண்ட பெற்றோரிடம், பிள்ளையை இந்தச் சரிவிலேயே வைத்திருங்கள் என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? திரும்பி வருவதற்கு ஒரு நிலத்தையும் வேலையையும் முதலில் காட்டுவோம். அதன்பின் திரும்பி வரச் சொல்லலாம்.

அந்நிய அரசுகளின் விதி நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவற்றையாவது செய்யலாம்.

முதலாவது, முகவர் பற்றியது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். அச்சட்டம் வேலைக்கு அனுப்புவோரைப் பற்றியது, படிக்க அனுப்புவோரைப் பற்றியது அன்று. ஒரு பிள்ளையிடம் பல இலட்சம் கைமாறும் இந்த வியாபாரத்துக்கும் ஓர் உரிமமும், முறையிட ஓர் இடமும் வேண்டும். மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற தமிழ் உறுப்பினர்கள் எடுத்துப் பேச வேண்டிய விடயம் இது.

இரண்டாவது, குடும்பங்கள் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று தொடங்காமல், பட்டம் முடிந்த மறுநாள் எந்த வீசா, எத்தனை மாதம், என்ன செலவு, அதன்பின் மாறக்கூடிய வேலைக்கு எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும் என்று தொடங்க வேண்டும். பிரித்தானியாவில் பட்டதாரி வீசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி கட்டணம் 880 பவுண். அதற்கு மேல் சுகாதார வரி ஆண்டொன்றுக்கு 1,035 பவுண். இதை முன்கூட்டிச் சொல்லாததால் படிப்பு முடிந்த கையோடு இரண்டாம் கடன் எழுகிறது. திறன்சார் தொழிலாளர் வீசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 2025 ஜூலையில் 41,700 பவுணாக உயர்ந்தது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பட்டதாரிகளுக்குச் சலுகை உண்டு என்றாலும் அதுவும் எளிதில் எட்டக்கூடியதல்ல. முன்பு பலருக்கு மாற்று வழியாக இருந்த முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே ஜூலையில் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய சிறு விதிகள். பட்டதாரி வீசாவுக்குப் பிரித்தானியாவுக்குள் இருந்தே, மாணவர் வீசா முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் தேர்ச்சியை உள்துறைக்கு அறிவித்த பின்னரே அது செல்லும். இதை அறியாமல் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்கு வந்து, மாணவர் வீசா முடியும்வரை இங்கே தங்கிவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது. ஒரு பாடத்தில் தவறிப் பெறுபேறு பிந்தினாலும் சிக்கல்தான். தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வதும், சுயதொழிலாக உணவு விநியோகம் செய்வதும் மாணவர் வீசா விதியை மீறுவதாகும். கடன் நெருக்குகிறது என்று அந்த எல்லையைத் தாண்டுபவர் கடனை அடைக்கும் வழியையே இழந்துவிடுகிறார்.

நான்காவது, உறுதி பற்றியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. இருநூறு ஆண்டுக்குப் பின் கிடைக்கத் தொடங்கியிருக்கும் காணி அது. நாளை முழு உறுதிகள் கைக்கு வரும்போது அவற்றை முதலில் தேடி வருபவர் வட்டிக்காரராக இருக்கக் கூடாது. அரச வங்கிகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காணி ஈடின்றி, நலன்புரி அமைப்புகளின் உத்தரவாதத்தின் பேரில் கல்விக் கடன் வழங்கும் ஏற்பாடு வேண்டும். புலம்பெயர்ந்த தமிழர் ஊருக்கு அனுப்பும் உதவியில் ஒரு பகுதியை இத்தகைய உத்தரவாத நிதியாக வைத்தால், கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பதைவிடப் புண்ணியம் குறையாது.

கடைசியாக இதை வாசிக்கும் வெளிநாட்டு அன்பர்களுக்கு. உங்களில் பலர் இந்த வழியால் நடந்து போனவர்கள். மாணவர் வீசாவிலிருந்து வேலை வீசாவுக்கு மாறியபோது எந்த மாதம் என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது, எங்கே ஏமாந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், இங்கே எல்லாம் நல்லது என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். கணக்கைச் சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள், பிள்ளையின் தாய்க்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கடனுக்குக் கையெழுத்து வைப்பவர் அவர்தான்.